மேல்வீட்டுக் கதவு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. நான் கனடாவுக்கு வந்து அது இரண்டாவது பனிக்காலம். கையில் குழந்தையோடு முதலாவது.

அந்த இடத்தில் ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதை ஜன்னல் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். என் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, பிஸ்கற் தகரத்தின் மூடியளவில் ஒரு கண்ணாடி. அதன் வழியே அடுத்த வீட்டுச் சுவரின் அடியும் ஒரு சாண் புல்லும் தெரியும். சில வேளைகளில் யாருடையதோ சப்பாத்துகள் நடந்து போகும். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே பனி அந்தக் கண்ணாடியின் பாதி வரை ஏறிவிட்டது. நத்தார் கழிந்த கையோடு முழுவதும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பகல் என்பது ஒரு சாம்பல் நிறக் கசிவு மட்டும்தான். காலையில் கண்ணாடி கொஞ்சம் வெளிறும், பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் கறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் லைற்றைப் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கி நடந்துகொண்டிருப்பேன். அடுப்படியிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும், திரும்பவும் அடுப்படி வரைக்கும்.

குழந்தை புரட்டாதியில் பிறந்தவள். பின்னேரங்களில் காரணமில்லாமல் அழுவாள். வயிற்றுக்குத்து என்றார்கள், தானாகப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. என் கணவர் விடியுமுன் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்குப் போவார். அங்கிருந்து நேரே அலுவலகக் கட்டடம் ஒன்றைத் துப்பரவாக்கும் வேலைக்குப் போவார். அவர் வரும்போது நாங்கள் நித்திரை. அவர் போகும்போதும் நித்திரை. அவருடைய ஈரச் சப்பாத்துகள் வாசலில் விட்டுப்போகும் உப்புத்தண்ணீரை வைத்துத்தான் வந்து போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

பகல் முழுக்க என்னோடு இருந்தவர் மாமா, என் கணவரின் தகப்பனார். எனக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்ட மகன் பொறுப்பேற்ற ஸ்பொன்சரில் ஐப்பசியில் வந்திறங்கியவர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உயர்ந்த, மெலிந்த மனிதர். வீட்டுக்குள்ளேயே சேட்டுக்கு மேல் சுவெற்றரும் அதன் மேல் மகனின் பழைய ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கள் குடும்பங்களில் மாமனாரும் மருமகளும் சும்மா இருந்து கதைப்பது வழக்கமில்லை. "சாப்பாடு போட்டிருக்கு மாமா" என்பேன். "சரி பிள்ளை" என்பார். பின்னேரத் தேத்தண்ணியோடு இன்னும் இரண்டு வார்த்தை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரங்களில் அவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வேறு போக இடமில்லை. அந்தக் குளியலறைக்குள் அவர் நின்றுகொண்டிருப்பாரா, எதன் மீதாவது உட்கார்ந்திருப்பாரா என்று நினைத்து எனக்கு அழுகை வரும். குழந்தையோ மெதுவாகத்தான் குடிப்பாள்.

அவருக்குப் பனி பிடிக்கவில்லை என்று சொல்வது போதாது. அவர் அதற்குப் பயந்தார். முதல் பனி விழுந்த அன்று வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதன் பிறகு வெளியே காலெடுத்து வைக்கவேயில்லை.

வீட்டுக்காரர் மேலே இருந்தார்கள். அவர்களும் எங்கள் ஆட்கள்தான், எங்களைவிடப் பத்து வருடம் முந்தி வந்தவர்கள். அவரை நாங்கள் அண்ணை என்போம், மனைவியை அக்கா என்போம். குடிவந்த அன்றே சட்டதிட்டங்கள் சொல்லிவிட்டார்கள். பக்கவாட்டுக் கதவால் மட்டும் வந்துபோக வேண்டும். சத்தம் கூடாது. சிற்றி அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் நாங்கள் அவர்களுடைய சொந்தக்காரர், விருந்தாளிகளாக நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த பேஸ்மென்ற் வாடகைக்கு விட அனுமதியில்லாதது. பொலிஸ், அம்புலன்ஸ் என்று எதுவும் அந்த வாசலுக்கு வரக்கூடாது என்று அண்ணை இரண்டு தரம் சொன்னார். குழந்தை அழும்போது அக்கா மேலே தரையில் எதனாலோ தட்டுவார். டொக், டொக் என்று இரண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தையின் வாயை என் தோளோடு அழுத்திக்கொண்டு நடப்பேன்.

வீட்டுக்குள்ளேயே மேலே ஏறும் ஒரு படிக்கட்டும் இருந்தது. அதன் உச்சியில் ஒரு மரக்கதவு. அதை அவர்கள் தங்கள் பக்கம் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி அந்தக் கதவுக்கு அப்பால், அவர்களுடைய ஹோலில் இருந்தது. மேலே அவர்களுக்கு வேர்த்தால் குறைப்பார்கள், கீழே நாங்கள் நடுங்குவோம். கேட்டால், "கீழ எப்பவும் சூடுதானே, நீங்கள் சமைக்கிறனீங்கள்" என்பார் அண்ணை. அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வராது.

தை மாதத்தில் மொன்றியலில் அவர்களுக்கு ஒரு கல்யாணம். ஏழு நாள், ஒரு கிழமைக்குப் போனார்கள். போகும்போது குழாய்த் தண்ணீர் உறையாத அளவுக்கு மட்டும் வைத்து ஹீற்றைக் குறைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. அன்று இரவே தரை குளிர்ந்தது. அடுத்த நாள் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாக இறுகிக் கிடந்தது. குழந்தையைக் குளிக்கவார்ப்பதை நிறுத்தினேன். அவளுக்கு இரண்டு சட்டை, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் என் சால்வை. அப்படியும் அவளுடைய மூக்கு நுனி எப்போதும் சில்லென்றிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன ஹீற்றர் வாங்கியாறன். அதுவரைக்கும் சமாளியும்" என்றார் கணவர்.

சனிக்கிழமையே குழந்தைக்கு இருமல் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் ஆளில்லை என்று அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹீற்றர் வரவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெரிய பனி கொட்டியது.

அவர் விடியப்புறம் போகும்போது சாதாரணமாகத்தான் தூறிக்கொண்டிருந்ததாம். அவர் போனபின் காற்று எழும்பியது. எங்கள் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, நிலத்திலிருந்து கீழிறங்கும் ஐந்தாறு கொங்கிறீற் படிகள் ஒரு குழிபோல இருக்கும். காற்று வாரிக்கொண்டு வந்த பனியெல்லாம் அந்தக் குழிக்குள் விழுந்து நிரம்பியது. உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு தகரக் கதவு. வெளிக்கதவை வெளிப்பக்கம் தள்ளித்தான் திறக்க வேண்டும். காலை பத்து மணியளவில் குழந்தையைக் கிளினிக்குக்காவது கொண்டுபோகலாம் என்று நினைத்து அதைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மாமாவும் எழுந்துவந்து தள்ளினார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அந்த இடுக்கால் பனி மாவாகச் சிந்தியது. பனி அள்ளும் சவள் வெளியே சுவரில் சாத்தியபடி அந்தப் பனிக்குள் புதைந்து கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

குழந்தையின் இருமல் அன்று வேறு மாதிரி இருந்தது. இருமி முடித்ததும் மூச்சை எடுக்கக் கஷ்டப்பட்டாள். சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து போனது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து மூடின. முலையை வாயில் வைத்தால் இரண்டு தரம் உறிஞ்சிவிட்டுத் திணறி விட்டுவிடுவாள். அடுப்பின் இரண்டு தட்டுகளையும் முழுச் சூட்டில் போட்டு, பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மூலை மட்டும் சூடானது. ஆவி சுவரில் பட்டுத் தண்ணீராக வழிந்து கீழே குளிர்ந்தது.

மத்தியானம் கணவர் தொழிற்சாலையிலிருந்து ரெலிபோன் எடுத்தார்.

"பஸ் ஒண்டும் ஓடேல்லை. சூப்பவைசர் இஞ்சையே நிக்கச் சொல்லிப்போட்டான். ரோட்டுப் பனியை அள்ளினாத்தான் வரலாம்" என்றார்.

"வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கு. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. வெளிக்கதவும் திறக்குதில்லை."

"ஆவி பிடிச்சு விடும். போர்வையெல்லாத்தையும் போடும்."

"எல்லாம் செய்தாச்சு. மேல் கதவை உடைச்செண்டாலும் ஹீற்றைக் கூட்டட்டோ?"

அவருக்குப் பின்னால் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"விசரோ உமக்கு? அந்தாள் வந்த கையோட எங்களை வீட்டைவிட்டு எழுப்பிப்போடும். இந்தக் குளிருக்க பிள்ளையையும் அப்பாவையும் கொண்டு எங்கை போறது? கொஞ்சம் பொறும். நான் எப்பிடியும் வந்திடுவன்."

அவர் வைத்த பிறகும் நான் றிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பிழையில்லை என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் குழந்தையின் நெஞ்சுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால் எந்தக் கதவால் உள்ளே வருவார்கள்? வந்தபின் அனுமதியில்லாத வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால்? என்னுடைய அகதி வழக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. அரசாங்கம் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ கடையில் நின்று சொன்ன கதையும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. இன்று யோசித்தால் அந்தப் பயங்களில் ஒன்றுக்கும் அடிப்படையில்லை என்று தெரிகிறது. அன்று அந்த நிலத்துக்குக் கீழே, வெளிச்சமில்லாமல், ஆறேழு கிழமை வெளியார் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கிடந்தவளுக்கு அவை எல்லாம் சுவர்களைப் போலவே நிசமாக இருந்தன.

நான் மாமாவிடம் போனேன். அந்தப் பனி மாரியில் நான் அவருடைய முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, அந்த மேல் கதவை உடைக்கவேணும்."

அவர் நாற்காலியிலிருந்து எழும்பவில்லை. "அது அடுத்தவன் பூட்டிப்போட்டுப் போன கதவு, பிள்ளை."

"பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு."

"விளங்குது. எண்டாலும் ஆளில்லாத வீட்டை உடைச்சு உள்ளுக்க போறது களவெடுக்கிறதுக்குச் சமன். நான் உத்தியோகத்தில இருந்த காலத்தில ஒருத்தற்றை மேசை லாச்சியைக்கூடத் திறந்தறியன். அவன் வரட்டும், கேப்பம்."

"அவை வர இன்னும் நாலு நாள் கிடக்கு! அதுவரைக்கும் இவள் இருப்பாளோ?"

நான் சத்தம் போட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மேலே தட்டுவதற்கு அன்று யாரும் இருக்கவில்லை.

"நீங்கள் உடைக்காட்டி நான் உடைப்பன்" என்றேன்.

"நான் வேண்டாமெண்டு சொல்லுறன்."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினேன். ஒரு கையால் அந்தக் கதவை அடித்தேன், உள்ளங்கை சிவக்கும்வரை. குழந்தையைக் கீழே வைக்கவும் எனக்குப் பயம், வைக்காமல் கதவை உடைக்கவும் முடியாது. கடைசியில் அந்த மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவின் அடியிலிருந்த இடுக்கால் அவர்களுடைய சமையலறைத் தரையின் வெளிச்சம் கோடாக விழுந்தது. அது உண்மையான பகல் வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மாமா நடந்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து குளியலறை வரைக்கும், திரும்பவும் அடுப்படி வரைக்கும்.

அப்போது குழந்தை அழுவதை நிறுத்தினாள்.

மாதக்கணக்காக அந்த அழுகை நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். நின்றபோது பதறிப்போய்ச் சால்வையை விலக்கினேன். அவளுடைய கண்கள் பாதி திறந்திருந்தன. வாய்ச் சொண்டைச் சுற்றி மெல்லிய நீலம். மூச்சு இருந்தது, ஆனால் மிக வேகமாக, பூனைக்குட்டியின் மூச்சைப்போல. "மாமா" என்று கூப்பிட்டேன். அது கத்தலாக வரவில்லை. காற்றாகத்தான் வந்தது.

அவர் நடையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். படியேறி வந்தார். குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி இறங்கிப்போய், தேங்காய் உடைக்கவென்று நான் வைத்திருந்த கனத்த கத்தியோடு வந்தார்.

"தள்ளி நில்லும், பிள்ளை" என்றார்.

கத்தியின் அலகைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி நெம்பினார். மரம் நார் நாராகப் பிளந்தது. தாழ்ப்பாள் விடவில்லை. கத்தியைப் போட்டுவிட்டுத் தோளால் இடித்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், வாழ்நாளில் ஒருவரோடும் கைகலப்புக்குப் போகாதவர், அந்த ஒடுங்கிய படியில் கால் வைக்க இடமில்லாமல் திரும்பத் திரும்ப இடித்தார். ஒவ்வொரு இடிக்கும் அவருடைய நெஞ்சிலிருந்து ஒரு முனகல் வந்தது. நாலாவதோ ஐந்தாவதோ இடியில் தாழ்ப்பாள் ஆணிகளோடு பிடுங்கிக்கொண்டு பறந்தது. கதவு திறக்க, அவரும் அதோடு சேர்ந்து மேல்வீட்டுச் சமையலறைத் தரையில் போய் விழுந்தார்.

அந்தச் சமையலறையின் பெரிய ஜன்னலால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வெளியே உலகமே இல்லை. வேலி இல்லை, கார் இல்லை, தெரு இல்லை. எல்லாம் ஒரே வெள்ளையாக, ஜன்னலின் விளிம்பு வரை எழும்பி நின்றது. நான் ஹோலுக்கு ஓடி அந்தச் சின்னப் பெட்டியின் முள்ளைக் கடைசி வரை திருகினேன். பிறகு அவர்களுடைய ரெலிபோனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினேன்.

அந்தப் பெண் கேட்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. முகவரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமா எழுந்து வந்து றிசீவரை வாங்கினார். "மேடம், த சைல்ட் இஸ் கிரேவ்லி இல்" என்று, பிள்ளைக்கு மிகவும் கடுமை என்பதை இங்கிலீசில் சொல்லித் தொடங்கி, கச்சேரியில் முறைப்பாடு எழுதும் அதே நிதானத்தோடு, வயது, நோய், வந்துசேர வேண்டிய பாதை எல்லாம் சொன்னார். அவருடைய கன்னத்தில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தெருக்கள் மூடியிருப்பதால் தாமதமாகலாம் என்று அவள் சொன்னாளாம். முன்வாசல் பனியை மட்டும் அள்ளி வெளிக்க வைக்கச் சொன்னாளாம்.

அண்ணையின் சவள் ஒன்று முன்வாசலுக்கு உட்பக்கம் இருந்தது. மாமா அதை எடுத்தார். அவருடைய காலில், வந்திறங்கிய அன்று போட்டிருந்த அதே மெல்லிய தோல் சப்பாத்து. கையுறை கீழே கிடந்தது, அதை எடுக்கப் போகவில்லை. கதவைத் திறந்ததும் பனி அவருடைய இடுப்பளவுக்கு நின்றது. அதற்குள் இறங்கினார்.

நான் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவருக்குச் சவள் பிடிக்கவே தெரியவில்லை. எறிந்த பனியில் பாதி காற்றில் திரும்பி அவருடைய முகத்திலேயே விழுந்தது. விழுந்தார், எழும்பினார், மறுபடி அள்ளினார். தெருவரை போக அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. குழந்தையின் மூச்சை நான் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு, பனி தள்ளும் பெரிய வாகனம் ஒன்று தெருமுனையில் மஞ்சள் விளக்கோடு வந்தது. அதன் பின்னால் அம்புலன்ஸ். இரண்டு பேர் பனிக்குள்ளால் நடந்து, மாமா வெட்டிய அரைப்பாதையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் என் கையிலிருந்து குழந்தையை வாங்கி, அவளுடைய முகத்தில் சின்னதொரு மூடியை வைத்தான். மற்றவன் மாமாவின் கைகளைப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினான். அவருடைய விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. சவளின் பிடியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்றுக்குள் வைத்தார்கள். உள்ளே புகைபோல ஈரக்காற்று. அவளுடைய முகம் எனக்குத் தெளிவாகத் தெரியாது. கையை மட்டும் உள்ளே விட்டு அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நுரையீரலின் மெல்லிய குழாய்களில் கிருமி பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை மாமா எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய இரண்டு கைகளும் வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டிருந்தன.

அடுத்த நாள் காலையில் கணவர் வந்து சேர்ந்தார். பாதி வழி பஸ்ஸிலும் பாதி வழி நடந்தும் வந்திருந்தார். மீசையில் பனி உறைந்திருந்தது. கூடாரத்துக்குள் எட்டிக் குழந்தையைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேல் கதவை உடைச்சனீங்களோ?"

"ஓம்."

"இனி எங்கை போறது?"

அவருடைய கண்களைப் பார்த்தேன். நித்திரையில்லாமல் சிவந்து, பயத்தால் வெறித்துக் கிடந்தன. அவர் கெட்டவரில்லை. எங்கள் நாலு பேரின் தலைக்கும் மேலே ஒரு கூரையைப் பிடித்துக்கொண்டிருப்பதொன்றே அவருடைய ஒரே யோசனையாக இருந்தது. அது இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு பல நாட்கள் அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அருகில் வந்திருந்து, "வீடு சூடாக இருக்கிறதா?" என்று ஆதரவாகக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? யாரும் வரவில்லை, யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை, எங்களை எங்கேயும் அனுப்பவில்லை. அந்த மாரி முழுக்க நாங்கள் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு எங்களைப் பற்றி ஒரு நினைப்பே இருக்கவில்லை.

அண்ணையும் அக்காவும் வந்திறங்கிய பின்னேரம் எங்களை மேலே கூப்பிட்டார்கள். நிலை பிளந்து, தாழ்ப்பாள் தொங்கிக் கிடந்தது. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"எங்கை எடுத்துக் கேக்கிறது அண்ணை? நம்பர் ஒண்டும் தந்துவிட்டுப் போகேல்லையே" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

"எண்டாலும் பூட்டின வீட்டை உடைக்கிறதோ? அம்புலன்ஸை வேறை வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறியள். அக்கம்பக்கம் முழுக்கப் பாத்திருக்கும்."

மாமா துணி சுற்றிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "உடைச்சது நான். இவை ரெண்டு பேரும் இல்லை. பிழையெண்டா என்னைச் சொல்லுங்கோ."

அக்கா என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். கையை நீட்டி, தொடாமலே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார். மாத முடிவில் வேறு இடம் பார்க்கச் சொல்லி அண்ணை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரலில்தான் சொன்னார்.

மாசி மாதப் பனிக்குள் வீடு மாறினோம். மோர்னிங்சைட் பக்கம் உயர்ந்த கட்டடமொன்றின் மேல்மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற் கிடைத்தது. தெரிந்த ஒருவரின் வான் வண்டியில் சாமான்களை ஏற்றினோம். மெத்தை பனியில் விழுந்து நனைந்தது. புது வீட்டில் சூடு தாராளமாக இருந்தது, ஜன்னல்கள் பெரிதாக இருந்தன. எல்லாம் நல்லபடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் அந்தப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தும்மினால் சட்டையை விலக்கி விலாவைப் பார்ப்பேன். பங்குனியிலும் பனி கொட்டியது. சித்திரை வருடப்பிறப்பன்று காலையில் எழும்பிப் பார்த்தால் கார் தரிப்பிடம் முழுக்க மறுபடி வெள்ளை. அன்று பொங்கிய பொங்கலை அடுப்பில் அடிப்பிடிக்க விட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். இந்தக் குளிர் இனி முடியாது, நான் முடிந்துபோவேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது பயமாக இருக்கவில்லை. அதுதான் பின்னாளில் என்னைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தபோது மாமா அடிப்பிடித்த பானையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு விரல்களின் நுனி கறுத்து உரிந்து ஆறியிருந்தது. அந்த நகங்கள் பிறகு ஒழுங்காக வளரவேயில்லை. அவர் குழாயைப் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் அந்தக் கதவை உடைச்சிருக்க வேணும், பிள்ளை. நீர் கேட்ட உடனையே."

"இருங்கோ மாமா, தேத்தண்ணி போடுறன்" என்றேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருவரும் கொஞ்சம் கதைத்தோம். குழந்தைக்குப் பல் முளைப்பது பற்றி, மாமியின் கைப்பக்குவம் பற்றி. அதன் பிறகு தினமும் கதைத்தோம். கணவரிடமும் நான் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினேன். ஒரு நாளில் அது நடந்துவிடவில்லை. அவர் பின்னேர வேலையை விட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குள் ஏதோ இளகியது.

வைகாசியில் ஒரு நாள் திடீரென்று வெயில் எறித்தது. யாரும் ஜக்கெற் போடவில்லை. குழந்தைக்குக் கையில்லாத பருத்திச் சட்டையொன்றைப் போட்டுக் கீழே கொண்டுபோனேன். மாமா செருப்போடு கூடவே வந்தார். கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிக் குவித்த பனி இன்னும் ஒரு மேடாக, கரிபிடித்து, உருகாமல் கிடந்தது. நாங்கள் அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு மர வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். காற்று வீசியது. குழந்தை திடுக்கிட்டாள். பிறந்ததிலிருந்து துணிக்குள்ளேயே கிடந்தவளின் வெறுங்கையில் காற்றுப் பட்டது அன்றுதான். கையைத் தூக்கிப் பார்த்தாள், இது யாருடையது என்பதுபோல. உதடு பிதுங்கி, பெரிதாக அழத் தொடங்கினாள்.

"ஒண்டுமில்லையடி, காத்துத்தான்" என்று மாமா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. அந்த வெளி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். மேலே எங்கோ ஒரு பல்கணியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.